அட்டையில் ஏழு, காலில் எட்டு

பதினேழு வருடம் என் காலுக்கு ஒரு எண் சிறிய ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தேன். வறுமை காரணமில்லை, ஷூ இலவசம். கம்பெனி வருடத்துக்கு ஒரு ஜோடி கொடுத்தது. அளவை மாற்றிக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, அவ்வளவுதான். அந்த விதியை எழுதியவன் நான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் பெருவிரல் எலும்பை வெட்டி நேராக்க வேண்டிய நிலை வந்தபோது, சிகந்திராபாத்தில் என்னைப் பார்த்த எலும்பு டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, யாரும் குறை சொல்ல முடியாத இரண்டு பாதங்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர். மறுத்துப் பேச வரமாட்டார் என்ற தைரியம்தான்.

தப்பு, வேலையில் சேர்ந்த முதல் நாளே நடந்தது. ஊருக்கு வெளியே புதிதாக எழுந்துகொண்டிருந்த ஒரு பொதுத்துறை தொழிற்சாலை. பட்டறைக்குள் கால் வைக்கிற எல்லோருக்கும் சேஃப்டி ஷூ கட்டாயம். ஸ்டோர்ஸ் ஜன்னலில் அளவு கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அதுவரை அப்பா என் காலைப் பார்ப்பார், கடைக்காரரைப் பார்ப்பார், ஏதோ ஒன்று வரும், அது சரியாக இருக்கும். பொறியியல் படித்துவிட்டு வந்த இருபத்துநான்கு வயதுக்காரனுக்குத் தன் கால் அளவு தெரியாது என்பதைப் பின்னால் நின்ற பன்னிரண்டு பேர் கேட்கும்படி சொல்ல மனம் வரவில்லை. ஏழு என்றேன். ஏழு, அந்த நேரத்தில் மரியாதையான எண்ணாகப் பட்டது. ஸ்டோர்கீப்பர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தெலுங்கில், எட்டு இருக்குமே என்றார். ஏழு என்று அழுத்திச் சொன்னேன். என் பெயர் போட்ட அட்டையில் ஏழு என்று எழுதினார்.

சேஃப்டி ஷூவின் முனையில், தோலுக்கு அடியில், ஓர் இரும்புக் கவசம் உண்டு. தோல் நாளாவட்டத்தில் இளகும்; இரும்பு இளகாது. மேலிருந்து எது விழுந்தாலும் விரல் நசுங்காமல் அது பார்த்துக்கொள்ளும். உள்ளேயே நசுங்கினால் அது அதன் பொறுப்பில்லை.

அடுத்த வருடம் எட்டு என்று மாற்றிச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் என்னைப் பாதுகாப்புக் கமிட்டியில் செயலாளராகப் போட்டார்கள். புத்தகம் படிக்கிறவன் நன்றாக எழுதுவான் என்றொரு மூடநம்பிக்கை அப்போது நிர்வாகத்தில் இருந்தது. கமிட்டியின் முதல் கவலை, தொழிலாளிகள் மச்சானின் கால் அளவைத் தன் அளவாகச் சொல்லி ஷூ வாங்கி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்பது. ஒரு சுற்றறிக்கை எழுதச் சொன்னார்கள். ஆறு முறை அடித்துத் திருத்தி எழுதினேன். நான்கு ஷரத்துகள். ஒருமுறை பதிவான அளவு, பணிக்காலம் முழுவதற்குமானது. பாதத்தில் நிரந்தர உருமாற்றம் ஏற்பட்டிருப்பதாகக் கம்பெனி டாக்டர் சான்று தந்தாலொழிய மாற்றம் கிடையாது. கம்பெனி முத்திரை இல்லாத ஷூவோடு பட்டறைக்குள் நுழையக் கூடாது. நாலாவது ஷரத்து மற்ற மூன்றையும் மீறினால் என்ன ஆகும் என்பது. நடையைப் பொது மேலாளரே பாராட்டினார். சுற்றறிக்கை எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்ட பிறகு, அதை ரசித்துப் படித்துக்கொண்டு நின்ற ஒரு மதியத்தில்தான், என் அட்டையில் ஏழு என்று இருப்பது ஞாபகம் வந்தது.

முதல் விண்ணப்பத்தை நானே போடுவதா? ஒரு வருடம் போகட்டும் என்று விட்டேன். பிறகு இன்னொரு வருடம். பெருவிரல் மெல்ல மெல்லப் பக்கத்து விரலின் மேல் சாயத் தொடங்கியது, பஸ்ஸில் தூங்கிப்போன பக்கத்து ஸீட்காரரைப் போல. அதன் அடியில் ஒரு முண்டு புறப்பட்டு வெளியே துருத்தியது. என் இடது கால் வலதைவிடச் சற்றுச் சிறியது, அது தப்பித்துக்கொண்டது.

நான் இருந்தது இன்ஸ்பெக்‌ஷனில். கடைசல் இயந்திரத்திலிருந்து வருகிற உருப்படியை அளந்து பார்த்து, தலைமயிரின் பருமனில் பாதி விலகியிருந்தாலும் சிவப்பு மையில் குறி போட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை. முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த விரலோடு நின்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

ஆபரேஷனை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு வலியைப் பற்றிய பயம் காரணமில்லை. பயம் ஓர் அறையைப் பற்றியது. பெரிய ஆபரேஷன் ஆகி வருகிறவர்களைக் கம்பெனி டாக்டர் சோதிப்பார். தேறினால் பட்டறை. தேறாவிட்டால் 'லைட் டியூட்டி'. கேன்டீனுக்குப் பின்னால், பழைய வரைபடங்களை அடுக்கியிருந்த கட்டடத்தில், அதற்கென்று ஓர் அறை இருந்தது. அதில் மூன்று பேர். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. வரைபடங்களைத் தூசி தட்டி எண்வாரியாக அடுக்குவது அவர்கள் வேலை. உள்ளே போனவர் யாரும் பட்டறைக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

பட்டறை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், உயர்வான பதில் எதுவும் என்னிடம் கிடையாது. நான் வேண்டாம் என்று சொன்னால் ஒரு பொருள் வேண்டாம் என்று ஆகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டில் என் 'வேண்டாம்' ஓர் அபிப்பிராயம். சர்ச்சின் சபைக் கமிட்டியில் அது ஓர் இருமல்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஷூவுக்குள் காலை நுழைக்கவே ஷூ கரண்டியும் ஜெபமும் தேவைப்பட்ட ஒரு மழைக்காலத்தில், ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே என்னை விளக்கைப் போல அணைத்துவிட்டார்கள். நினைவு இருந்தது. ஒரு பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிற சத்தம், பிறகு உளியை மெதுவாகத் தட்டுகிற சத்தம். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தங்கள். டாக்டரும் நர்ஸும் யாரோ ஒருவர் வீட்டுக் கிருகப்பிரவேசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு போதவில்லையாம். என் காலை வெட்டுகிறார்கள் என்பது எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. இடையில் ஒருமுறை டாக்டர் தலையை நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன், நான் மேற்பார்வை பார்க்கிறவனைப் போல.

வெளியே வந்தபோது பெருவிரலின் நுனியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, நுனி வளைந்து, கொக்கி மாதிரி. எலும்பு ஒட்டும் வரை விரலை நேராக நிறுத்திவைக்க. ஆறு வாரம் அது இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் வெர்னியர் எடுத்து அந்தக் கம்பியின் பருமனை அளந்து பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதற்குமேல் அந்தக் கால் விஷயத்தில் எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

முன்னறைக் கட்டிலில், இரண்டு தலையணை மேல் மாவுக்கட்டுப் போட்ட காலை ஏற்றிவைத்துப் படுத்திருந்தேன். இப்படி ஒரு நீண்ட விடுப்பு வந்தால் படிப்பதற்கென்று சேர்த்துவைத்த தடித்த நாவல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எதையும் தொடவில்லை. ஒன்றை எடுத்து ஒரு பக்கம் படிப்பேன். யாருக்கோ ஏதோ நடக்கும். நடக்கட்டும் என்று மூடிவிடுவேன். மதியங்கள் நீளமாக இருந்தன. எதிர்வீட்டு மதில் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. சுண்ணாம்பு அடிக்க வந்தவர் பாதியில் போய்விட்டார். மீதியை அடிக்க எப்போது வருவார் என்று ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுப்புக்கூட இல்லை. அலுப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள் இல்லை. பள்ளியிலிருந்து வந்ததும் மகள் எட்டிப் பார்த்து, தெலுங்கில், வலி எப்படி என்பாள். நான் தமிழில், பரவாயில்லை என்பேன். அவள் ஆங்கிலத்தில் குட் என்று சொல்லிவிட்டுப் போவாள். மூன்று மொழிகளிலும் அதுதான் அன்றைய பேச்சு.

எங்கள் சர்ச் பாதிரியார், சபை ஐயர், ஒரு நாள் வந்தார். ஈ மொய்க்கிறது என்று இரண்டு கால்களின் மேலும் என் மனைவி ஒரு துப்பட்டியை விரித்திருந்தாள். ஐயர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றதால் என் இடது காலின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபித்தார். இடையில் திருத்துவது முறையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்றுவரை என் இடது காலுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஆறு வாரம் கழித்துக் கம்பியை உருவினார்கள். மயக்க மருந்து இல்லை. டாக்டர் எடுத்த குறடு எங்கள் டூல் ரூமில் தொங்குகிற அதே குறடு. மூச்சை இழுங்கள் என்றார். இழுத்து முடிப்பதற்குள் கம்பி தட்டில் விழுந்தது. வலிக்கவில்லை. நான் ஆச்சரியப்பட்டேன், டாக்டர் தன் கைவேலை என்று நினைத்துக்கொண்டார். விரல் நேராக இருந்தது. நானே ஒப்புதல் முத்திரை போட்டிருப்பேன், அவ்வளவு நேர். ஆனால் அது உறங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் தெரியவில்லை, கிள்ளினால் தெரியவில்லை. யாரோ தன் விரலை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது போல இருந்தது.

வலி வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. பக்கத்து விரலுக்கு அடியில், பாதத்தின் குமிழில், ஒரு கூழாங்கல். எழுந்து நின்றால் கல். நடந்தால் கல். முதல் வாரத்தில் பத்து தடவையாவது சாக்ஸைக் கழற்றி உதறிப் பார்த்திருப்பேன். ஒன்றும் விழவில்லை. டாக்டரிடம் சொன்னேன். நரம்புகள் எரிச்சலில் இருக்கின்றன, மூன்று மாதத்தில் அடங்கும் என்றார். மூன்று மாதம் ஆனதும் ஆறு மாதம் என்றார். பிறகு ஒரு வருடம் என்றார். எங்கள் கம்பெனியின் திட்டங்களுக்கும் இப்படித்தான் தேதி தள்ளும் என்பதால் எனக்கு விளங்கிவிட்டது. இனி அது போகாது.

அந்த டாக்டரைத் தவிர, கல்லைப் பற்றி மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் பாளையங்கோட்டைக்காரி; கல்யாணமாகி வந்து பதினைந்து வருடமாகியும் தன் ஊர்ப் பேச்சில் ஓர் எழுத்தைக்கூடச் சிகந்திராபாத்துக்கு விட்டுக்கொடுத்தவளில்லை. சோதனைக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க அவள் தன் கட்சியைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கம்பெனி டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். லைட் டியூட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே சம்பளம், உட்கார்ந்த வேலை, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது.

"அங்க போனவன் திரும்பி வந்ததில்ல," என்றேன்.

"நீங்க என்ன, பட்டாளத்துக்கா போறீங்க? கேன்டீனுக்குப் பின்னாடிதான."

கம்பெனி டாக்டர் அமைதியான மனிதர். வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடந்தேன், கல் மேல். குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். அந்த இரண்டாவது இருபது அடியைப் பற்றி எழுத விருப்பமில்லை. முகத்தை மட்டும், சபையில் பாட்டு எண் அறிவிக்கும்போது வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு படுக்கவைத்து, ஒரு குண்டூசியால் பெருவிரலைக் குத்தினார். ஊசி தோலுக்குள் போவதைப் பார்த்தேன். வலிக்கிறதா என்றார். இல்லை என்றேன். பைபிள் மேல் கைவைத்துச் சொல்லக்கூடிய உண்மை. வேறு எங்காவது வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. எல்லாப் பணிகளுக்கும் தகுதியானவர், பாதத்தில் உருமாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. உருமாற்றம் உண்டு என்று சான்று இருந்தால் எட்டாம் எண் ஷூ கிடைக்கும். ஆனால் பட்டறை கிடையாது, அந்த அறைதான். உருமாற்றம் இல்லையென்றால் பட்டறை உண்டு; ஷூ ஏழுதான். இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறக்காதபடி, பதினாறு வருடங்களுக்கு முன்னால், ஆறு முறை திருத்தி எழுதியிருந்தேன்.

ஸ்டோர்கீப்பர் அதே ஆள்தான், தலைமட்டும் நரைத்திருந்தது. அட்டையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், புது ஏழாம் எண் ஜோடியை எடுத்து ஜன்னலில் வைத்தார். கட்டைச் சுவரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். நுழைந்தது. பெருவிரல் பக்கத்திலிருந்து ஒரு முனகலும் இல்லை. பதினேழு வருடத்தில் முதல்முறையாக ஏழாம் எண் ஷூ என்னைக் கடிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பட்டறைக்குள் மறுபடி நுழைகிற அந்தக் காலையைப் பற்றிக் கட்டிலில் கிடந்தபோது நிறைய யோசித்திருந்தேன். நடந்தது இவ்வளவுதான்: கதவைத் தாண்டினேன், எண்ணெய் வாசம் வந்தது, என் மேஜையில் வேறு யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது. சந்தோஷம் வரும் என்று பதினோரு மணி வரை காத்திருந்தேன். பிறகு வந்து நின்ற உருப்படிகளை அளக்க ஆரம்பித்தேன். நான்கைத் திருப்பி அனுப்பினேன். அவை திரும்பிப் போயின. கல் அதன் இடத்தில் இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், சாக்ஸ் கழன்று வரவில்லை. விரலோடு ஒட்டியிருந்தது. மனைவி வெந்நீர் கொண்டுவந்து ஊறவைத்து உரித்தாள். தண்ணீர் சிவந்தது. விரலின் பக்கவாட்டில், இரும்புக் கவசத்தின் விளிம்பு படுகிற இடத்தில், பத்து பைசா அகலத்துக்குத் தோல் இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று எனக்கே தெரியாது.

"வலிக்கலையா?"

"இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலைன்னா அது யாரு காலுங்க?"

ஷூ கதையைச் சொன்னேன். ஸ்டோர்ஸ் ஜன்னலில் தொடங்கி, கமிட்டி, நான்கு ஷரத்து, டாக்டரிடம் அப்பாவைச் சொன்னது, குண்டூசி, எல்லாவற்றையும். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நான் சொன்ன முறையில் இரண்டு மூன்று இடங்கள் நன்றாகவே இருந்தன. அவள் சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாவம் மாமா," என்றாள் கடைசியில், என் அப்பாவைச் சொல்லி. "அவங்க மேல கொண்டு போட்டுட்டீங்களே." புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டே: "இந்த ஷூவ இன்னொரு தடவ போட்டீங்கன்னா நானே ஒங்க டாக்டருகிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிருவேன். வெரல எடுத்தா எடுத்ததுதான் பாத்துக்கிடுங்க."

அவள் சொல்லக்கூடியவள். லைட் டியூட்டி அறை என்னை நோக்கி ஓரடி நகர்ந்துவிட்டது போல இருந்தது.

காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் கிடந்தேன். எட்டாவது நாள் காலில் கட்டும், கட்டுக்கு மேல் செருப்புமாக ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போனேன். விண்ணப்பம் எழுதி எடுத்துப் போயிருந்தேன், இரண்டு பக்கம். பதினாறு வருடத்துக்குப் பின், என் சுற்றறிக்கையை நானே எதிர்த்து. நல்ல நடை.

ஸ்டோர்கீப்பர் முதல் வரியைப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில், தெலுங்கில் சொன்னார். இந்தத் தொழிற்சாலையில் அட்டையில் உள்ள அளவைப் போடுகிறவர் யாருமே இல்லை. ஷூ கொடுக்கிற நாளில் எல்லோரும் அட்டைப்படி வாங்கிக்கொள்வார்கள். அன்று சாயங்காலமே மாற்றிக்கொள்வார்கள். ஏழு எட்டாகும், ஒன்பது ஆறாகும். சுவரில் அந்தக் காகிதம் ஒட்டிய முதல் வருடத்திலிருந்தே இப்படித்தான். காவலாளி முத்திரையைத்தான் பார்ப்பாரே தவிர எண்ணைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் பதினாறு வருடமாக என்னிடம் ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ராசிந்தி மீரே கதா சார்," என்றார். எழுதியது நீங்கள்தானே.

மாற்றுவதற்கு எங்கே போக வேண்டும் என்றேன். கேன்டீனுக்குப் பின்னால் என்றார்.

நான் நினைத்துப் பயந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. முதுகுக்காரர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விரல் இல்லாதவர் இடது கையால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வரைபட அலமாரியின் கீழ்த்தட்டுகள் முழுக்க ஷூ. ஜோடி ஜோடியாக, அளவுவாரியாக, எண் எழுதிய அட்டை கட்டி. பட்டறைக்கே போகாத இந்த மூவருக்கும் ஒவ்வொரு வருடமும் அட்டைப்படி ஷூ வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்கு என் சுற்றறிக்கையில் ஷரத்து இல்லை. அதை முதலாக வைத்துத் தொடங்கி, தொழிற்சாலை முழுவதற்குமான மாற்றுக்கடையை அங்கே நடத்திக்கொண்டிருந்தார்கள். வரைபடங்களைவிட ஷூக்கள் நல்ல ஒழுங்கில் இருந்தன.

முதுகுக்காரர் தமிழர். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர், வடாற்காட்டுத் தமிழும் தக்கணி உருதுவும் ஒன்றாகக் கலந்து பேசுகிறவர். என்னை உட்காரச் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் நீளமும் அகலமும் அமுக்கிப் பார்த்தார். சரியாகக் கல் இருக்கிற இடத்தில் அமுக்கியபோது நான் பல்லைக் கடித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கயா?"

"ஆமா."

ஆறு மாதத்தில் அதைச் சரியான இடத்தில் கண்டுபிடித்த முதல் ஆள். ஒன்பது நக்கோ, வேண்டாம், உள்ளே கால் ஓடும், எட்டில் அகலக்கட்டு ஒன்று இருக்கிறது, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கல்லுக்கு எதிரே வருகிற இடத்தில் உள்தோலைக் கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்து, ஒரு ஃபெல்ட் துண்டை ஒட்டிக் கொடுத்தார். என் ஏழு, மல்லாபூரிலிருந்து வருகிற ஒரு வெல்டருக்குப் போகும் என்றார். சர்க்கரைக்காரர் ஒரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்கு ஒரு டீ வந்தது.

எட்டாம் எண்ணைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். புண் ஆறியது. மனைவி தினமும் சாயங்காலம் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவாள். விரல் இன்னும் உறங்குகிறது. கல் இருக்கிறது, மழைக்கு முன்னால் கொஞ்சம் பெரிதாகிறது, மற்ற நாட்களில் அதுவும் நானும் ஒருவரையொருவர் கவனிப்பதில்லை. மொத்தத்தில், டாக்டரின் எதிரே நுனிக்காலில் நடந்த அந்த இருபது அடியால் நான் என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் வீரம் என்று சொல்லிக்கொள்ளும்படி வேறு ஒன்றும் கிடையாது என்பதால், அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கம்பெனி பஸ்ஸில் முதுகுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷூ எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றி சொல்லிவிட்டு, உங்கள் அறைக்கே வந்து சேர வேண்டியவன், கடைசி நிமிடத்தில் தப்பினேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"ஹவ் சார், ஆமா, தெரியும்," என்றார். "நீங்க படுத்திருக்கும்போதே ஒங்க பேரு எங்க லிஸ்ட்ல வந்துடிச்சு. நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டு, இந்த ஆளு நக்கோன்னு பர்சனல் டிபார்ட்மென்ட்ல எழுதிக் குடுத்தோம். பேர அடிச்சிட்டாங்க. டாக்டர் ஒங்களப் பாத்ததெல்லாம் அதுக்கப்புறம்."

அப்படி என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கைக்கு, ஏன்னு அவங்களும்தான் கேட்டாங்க. நீங்க வந்தா எங்க ரூம்ல வேலை ஆரம்பிச்சிடும்னு சொன்னோம் சார்."